"அதே 50 சிசி, அதே பாகம்" என்று சொல்லி விற்ற செயின்சா: வாங்கும் முன் படியுங்கள்

நடுத்தர அளவு செயின்சா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் பேசிய வசனத்தைப் பல இடங்களில் பேசுகிறார்கள் என்பதால், பெயரைவிட வசனம் தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

"சார், ஸ்டில் எம்எஸ் 261-உம் 50 சிசிதான், இதுவும் 50 சிசிதான். அதே அச்சு, அதே பாகம். ஸ்டிக்கர் மட்டும்தான் வேற. பேருக்கு எதுக்கு சார் டபுள் காசு?"

நான் மனதில் வைத்துப் போனது மூன்று மாடல்கள்: ஸ்டில் எம்எஸ் 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி மார்க் 2, எக்கோ சிஎஸ்-501. நாள் முழுக்கக் கிளை கழிக்கவும், நடுத்தர மரத்தைச் சாய்க்கவும் தொழில்முறை ஆட்கள் எடுக்கும் ரகம். எக்கோவில் கார்புரேட்டர் திருகைக் கையால் திருப்பிச் சரிசெய்யும் பழைய முறை. மற்ற இரண்டிலும் காற்று-பெட்ரோல் கலவையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும்; ஸ்டில்லில் அது எம்-ட்ரானிக் (261-இன் சி-எம் வகையில் மட்டும்), ஹஸ்க்வர்னாவில் ஆட்டோட்யூன். முதல் தலைமுறை 550 எக்ஸ்பி சூடான பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்ற புலம்பல் பரவலாகவே இருந்தது. அதையெல்லாம் அலசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த நான்காவது ரம்பத்தை மேசைமேல் வைத்தார்கள். அந்த வசனத்தை நம்பி நானும் வாங்கிவிட்டேன்.

முதலில் சிசி (இன்ஜின் கொள்ளளவு) விஷயம், ஏனென்றால் ஏமாற்றின் அடித்தளமே அதுதான். ஸ்டில்லின் எம்எஸ் 271-உம் 261-உம் இரண்டுமே 50.2 சிசி. ஆனால் 271 தருவது 2.6 கிலோவாட், எடை 5.6 கிலோ. 261 தருவது 3.0 கிலோவாட், எடை 4.9 கிலோ. ஹஸ்க்வர்னா 450-உம் 50.2 சிசிதான், சக்தி 2.4 கிலோவாட், ஏறக்குறைய அதே சிசியில் 550 எக்ஸ்பி மார்க் 2 தருவது 3.0. தொழில்முறை ரம்பத்தில் மக்னீசியம் கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி), அதன்மேல் தனியாக போல்ட் போட்ட சிலிண்டர். 271-உம் 450-உம் மோசமான ரம்பங்கள் அல்ல. தோட்டத்துக்கும் பண்ணைக்கும் தாராளமாகப் போதும், அந்த நிறுவனங்களும் அப்படிச் சொல்லித்தான் விற்கின்றன. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே சிசி ஒன்றாக இருந்தும் ரம்பம் வேறாக இருக்கிறது என்றால், ஊர் பேர் தெரியாத டப்பாவில் அச்சிட்ட "50 சிசி"க்கு என்ன மதிப்பு?

டப்பாவில் 3.0 கிலோவாட் என்றும் போட்டிருந்தது. செயின்சா இன்ஜின் சக்தியை அளக்க ஐஎஸ்ஓ 7293 என்று ஒரு தரம் இருக்கிறது, அதன்படி அளந்ததா என்று கேட்டேன். "கம்பெனி டெஸ்ட் சார்" என்றார்கள். கையேட்டில் எந்தத் தரத்தின் எண்ணும் இல்லை.

ஓட்டிப் பார்த்தால் ஆரம்பத்தில் குறையே தெரியாது. இதைக் கவனியுங்கள்: கடையில் காட்டும் டெமோ எப்போதும் குளிர்ந்த இன்ஜினில், மெல்லிய கட்டையில்தான். நண்பரின் 261-ஐப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), ஒரே வகைப் புதுச் செயின் போட்டு ஒரே கட்டையை அறுத்தோம். முதல் சில வெட்டுகளில் பெரிய வித்தியாசமில்லை. டாங்க் பாதியாகி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, கொஞ்சம் அழுத்தினாலே என்னுடையது வெட்டுக்குள் திணறி நின்றது. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகக் கையிழுப்பு இழுத்துத் தோள்பட்டை போய்விடும். 261 அந்தக் கட்டையை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டது.

அப்புறம் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்க ஆரம்பித்தது. ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் வேகம் தானே கூடும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே செயின் சுற்றும். எங்கோ காற்று கசிகிறது என்பதற்கு இது முக்கியமான அறிகுறி. கடைக்குக் கொண்டுபோனேன். திருகை இரண்டு திருப்பு திருப்பி, "ஓட ஓட செட் ஆயிடும்" என்று அனுப்பினார்கள். செட் ஆகவில்லை. ஒரு வெட்டின் நடுவே பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது, இன்ஜின் செத்தது.

இனி வாரண்டிக் கதை. "ஆயில் கம்மியா கலந்திருக்கீங்க, வாரண்டி வராது" என்று திறந்துகூடப் பார்க்காமல் சொன்னார்கள். லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50:1. அதே கேனிலிருந்துதான் நண்பரின் 261-உம் குடித்தது, அது இன்றும் ஓடுகிறது.

வெளியே ஒரு மெக்கானிக்கிடம் திறந்தோம். பிஸ்டனில் கீறல் எக்ஸாஸ்ட் பக்கம்தான் ஆழமாக இருந்தது. கிராங்க் கேஸுக்குள் எண்ணெய்ப் பசை நன்றாகவே இருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருந்தால் உள்ளே வறண்டிருக்கும். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயின் விளிம்பில் வெடிப்பு. காற்றடித்துச் சோதித்ததில் அங்கேதான் கசிந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. கசிவால் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். ஏற்கெனவே அதிகம் கொதிப்பது எக்ஸாஸ்ட் பக்கம், அதனால் முதலில் அங்கே பிடிக்கும். கலவையில் எண்ணெய் குறைவு என்று பழியை வாங்குபவர்மேல் போடுவது சுலபமான தப்பிப்பு. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், உங்கள் கண் முன்னே திறந்து, கசிவுச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள்.

அதோடு மெக்கானிக் காலிப்பரை எடுத்து அளந்தார். சிலிண்டர் விட்டம் 43 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 31. கணக்குப் போட்டால் 45 சிசி. 261-இல் விட்டம் 44.7, ஸ்ட்ரோக் 32. அந்த பிஸ்டன் இந்தச் சிலிண்டருக்குள் நுழையவே நுழையாது. "அதே பாகம்" என்றார்களே, அது இவ்வளவுதான்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் காப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். இதில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது. பார் முனை கட்டையில் பட்டு ரம்பம் முகத்துக்கு எகிறும்போது அந்தக் கொஞ்ச தூரம் போதும், மீதியை நான் எழுத வேண்டியதில்லை. இன்ஜின் செத்ததற்குப் பணம் மட்டும்தான் போச்சு.

ஆகவே வாங்கும் இடத்தில் கட்டையில் பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போதே நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங்கில் எல்லாப் பக்கமும் சாய்த்துப் பாருங்கள், பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள். பாக எண்களோடு உதிரிப்பாகப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் சரி, நன்றி என்று கிளம்பிவிடலாம்.

கண்டுபிடித்ததை எல்லாம் கொண்டுபோய்க் காட்டியதற்கு, "வெளியில திறந்துட்டீங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று பதில். அதே மாடலில் இன்னொன்று பாதி விலைக்குத் தருகிறார்களாம், வேண்டாம் என்றுவிட்டேன். புகார் எழுதலாம் என்று பில்லை எடுத்தால் அதில் "மரம் வெட்டும் மெஷின் - 1" என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை, சிசியும் இல்லை. நீங்கள் எதை வாங்கினாலும் இந்த மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.