வரிக்கழிவு இல்லாத ஐஆர்ஏ பணம்: அப்படியே விடுவதா, ரோத்துக்கு மாற்றுவதா?

அமெரிக்காவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. நிறுவனம் வழியாகப் போடும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே, வருட வரம்பு வரை நிரம்பிவிட்டது. அடுத்தது ஐஆர்ஏ, அதாவது நாமே தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கு; அதில் ட்ரெடிஷனல், ரோத் என்று இரண்டு வகை. சேர்ந்து ரிட்டர்ன் போடுபவர்களின் வருமானம் 2025-இல் 2,46,000 டாலரைத் தொட்டால் ரோத் ஐஆர்ஏவில் நேரடியாகப் போட முடியாது. ட்ரெடிஷனல் ஐஆர்ஏவில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 2025-க்கு ஆளுக்கு 7,000 டாலர் போடலாம். ஆனால் இந்த வருமானத்தில் அதற்கு வரிக்கழிவு கிடையாது, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது. போட்டதை அங்கேயே விட்டுவைக்கலாம், உடனே ரோத்துக்கு மாற்றலாம், இல்லை ஐஆர்ஏவே வேண்டாம் என்று சாதாரண புரோக்கரேஜ் கணக்கில் முதலீடு செய்யலாம். எங்கள் வீட்டில் இரண்டாவது வழிதான்.

வரி விகிதம் பலருக்கும் தெரிந்ததே. விட்டுவைத்தால், எடுக்கும்போது வளர்ந்த தொகைக்குச் சம்பளத்துக்குப் போலவே வரி. புரோக்கரேஜில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் பெரும்பாலோருக்கு 15%. ரோத்தில் விதிப்படி எடுத்தால் வரியே இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது, வரி ரிட்டர்னோடு அனுப்பும் ஃபார்ம் 8606. நீங்கள் போட்டது ஏற்கெனவே வரி கட்டிய பணம் என்பதற்கு அதுதான் பதிவு. கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் அனுப்பும் ஃபார்ம் 5498-இல் போட்ட தொகை இருக்கும். கழிவு எடுத்தீர்களா என்பது இருக்காது. இந்த வருட 8606-இன் 14-ஆவது லைனில் நிற்கும் தொகை (வரி கட்டியதில் இன்னும் கணக்கில் இருப்பது) அடுத்த முறை 2-ஆவது லைனுக்குப் போக வேண்டும். கணக்கில் கடைசி டாலரை எடுக்கும்வரை இதைக் காப்பாற்ற வேண்டும். இடையில் மென்பொருள் மாறும், ஆடிட்டர் மாறுவார், ஊரும் மாறும். ஃபார்ம் போடாததற்கு அபராதம் 50 டாலர்தான். ஆனால் ஆதாரம் இல்லாவிட்டால் வரி கட்டிய பணத்துக்கே மறுபடி வரி கட்ட நேரும். முப்பது வருடம் இந்தக் காகிதத்தைச் சுமக்க எனக்கு மனமில்லை.

ரோத்துக்கு மாற்றினாலும் 8606 உண்டு, ஆனால் அந்தந்த வருடத்தோடு கணக்கு முடிந்துவிடும். 7,000 போட்டு, மாற்றும்போது 7,020 ஆகியிருந்தால் அந்த 20 டாலருக்கு மட்டும் வரி. 14-ஆவது லைன் பூஜ்யம். மாற்றியதற்கு நிறுவனம் அனுப்பும் ஃபார்ம் 1099-ஆர் முழு 7,020-ஐயும் காட்டும், வரிக்குரிய தொகை தீர்மானிக்கப்படவில்லை என்ற கட்டத்தில் டிக் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 8606-ஐயும் நிரப்பினால் முக்கிய ரிட்டர்ன் ஃபார்மான 1040-இன் 4பி லைனில் 20 மட்டும் நிற்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு ரிட்டர்னை அனுப்புங்கள்.

இந்த வழி எல்லோருக்கும் சரிவராது. பழைய வேலையின் 401கேவிலிருந்து கொண்டுவந்த, இன்னும் வரி கட்டாத 63,000 டாலர் ரோல்ஓவர் ஐஆர்ஏவில் (அதுவும் ட்ரெடிஷனல் வகைதான்) கிடக்கிறது என்று வையுங்கள். புதிதாகப் போட்ட 7,000-ஐ மட்டும் தனியே மாற்ற முடியாது. உங்கள் பெயரில் உள்ள ட்ரெடிஷனல் ஐஆர்ஏவும், நிறுவனம் வழியாக வரும் செப், சிம்பிள் ஐஆர்ஏக்களும் எல்லாம் ஒரே கணக்காகப் பார்க்கப்படும். 70,000-இல் 7,000, அதாவது 10%. மாற்றிய 7,000-இல் 700-க்குத்தான் விலக்கு, 6,300-க்கு வரி. கணவன், மனைவி கணக்குகளைச் சேர்க்க மாட்டார்கள் என்பது ஒரு நிம்மதி. என் மனைவிக்கு இப்படி ஒரு பழைய தொகை இருந்தது. அதை இப்போதைய நிறுவனத்தின் 401கேவுக்குள் கொண்டுபோன பிறகுதான் அவர் ஐஆர்ஏவை ரோத்துக்கு மாற்றினோம். மாற்றும் வருடத்தின் டிசம்பர் 31 இருப்புதான் கணக்கு என்பதால் அதற்குள் முடிக்க வேண்டும். எல்லா 401கேவும் வெளிப்பணத்தை ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் நான் புரோக்கரேஜைத்தான் சொல்வேன்.

நாங்கள் இன்னும் பணம் எடுக்கும் வயதுக்கு வரவில்லை. போடும் பக்கத்து அனுபவம்தான் இது. இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள்.

ஏற்கெனவே சில வருடம் போட்டுவிட்டு 8606 அனுப்பாதவர்கள், விட்டுப்போன வருடங்களுக்கு இப்போதும் அனுப்பலாம். பழைய 5498-களையும் ரிட்டர்ன்களையும் தேடி எடுத்து, முதல் வருடத்திலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு வாருங்கள்.