கைப்பட்டை அழுத்தச் சிகிச்சை: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் எனக்குச் சுருக்கம் இருக்கிறது. லேசான பக்கவாதம் வந்து தேறிய பிறகு, மாத்திரைகளோடு சேர்த்து ரிமோட் இஸ்கீமிக் கண்டிஷனிங்கும் செய்து பார்க்கலாம் என்றார் நரம்பியல் மருத்துவர்.

இரண்டு மேற்கைகளிலும் பி.பி. பார்ப்பது போன்ற பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அழுத்தம் 200 மி.மீ. வரை ஏறி, 5 நிமிடம் கைக்கு ரத்தம் போகாமல் நிறுத்தும். அப்புறம் 5 நிமிடம் தளர்த்தும். இப்படி 5 சுற்று. கொஞ்ச நேரம் ரத்தமில்லாமல் தவிக்கும் கை, நரம்பு வழியாகவும் ரத்தம் வழியாகவும் அனுப்பும் சமிக்ஞைகள் தூரத்திலுள்ள இதயத்தையும் மூளையையும் ரத்தக்குறைவுக்குத் தயார்ப்படுத்தும் என்பதுதான் அடிப்படை. இதற்கு விதை 1986-இல் நாய்களின் இதயத்தில் நடந்த ஆய்வு.

தொடக்க நாட்கள் கஷ்டம்தான். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் விரல்கள் மரத்து, கை கனத்துவிடும். தளர்த்தியதும் சுரீரென்று ரத்தம் பாயும்போது எறும்பு ஊர்வது போல இருக்கும். பட்டைக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் வந்தன. மெல்லிய துணியைச் சுற்றி அதன்மேல் பட்டையைக் கட்டியதும் குறைந்தன. இப்போது வலி பழகிவிட்டது. பழகாதது நேரம். இரண்டு கையும் கட்டுண்டு கிடக்கும்போது புத்தகத்தைக்கூடப் புரட்ட முடியாது. தினமும் ஒரே நேரத்தில், பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் விடாமல் நடக்கிறது.

சரி, பலன்? உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. எனக்கு மறுபடி பக்கவாதம் வரவில்லை. ஆனால் ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் சாப்பிடுகிறேன், பி.பி.யும் கட்டுக்குள் இருக்கிறது. அதனால் பெருமையைப் பட்டைக்கு மட்டும் கொடுக்க மாட்டேன்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சீனாவில் நடந்து 2022-இல் வெளியான ரிகாமிஸ் ஆய்வில், மிதமான பக்கவாதம் வந்த 48 மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கியவர்களில் 67.4 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 62 சதவீதம். டென்மார்க்கில் ஆம்புலன்ஸிலேயே தொடங்கிப் பார்த்த ரெசிஸ்ட் ஆய்வில் (2023) பலன் தெரியவில்லை. என்னைப் போல மூளைக்குழாய்ச் சுருக்கம் உள்ளவர்களிடம் நடந்த ரிகா ஆய்விலும், மறுபடி பக்கவாதம் வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. மாரடைப்பில் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த 2019 ஆய்வும் கைகொடுக்கவில்லை. அதனால் "இதய அடைப்பைக் கரைக்கும்" என்று யாராவது இந்தக் கருவியை விற்க வந்தால் எனக்குக் கோபமே வருகிறது. பயந்துபோன குடும்பத்திடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

தெரிந்தேதான் தொடர்கிறேன். ஆபத்து குறைவு, என் மருத்துவர் கண்காணிக்கிறார். அது எனக்குப் போதும்.

வீட்டு பி.பி. கருவியை வைத்து இதை முயலாதீர்கள். அது அழுத்தத்தை 5 நிமிடம் பிடித்து வைக்காது. கையில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்), ரத்தக்கட்டு, புண், எலும்பு முறிவு, ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் அந்தக் கையில் பட்டை கட்டவே கூடாது. தொடங்கும் முன் இரண்டு கைகளையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.