பாக்ஸ்என் வேகனை மரத் தண்டவாளத்தில் ஓட்டுதல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மதுரை கூடல்நகர் வழியாகப் போகும் பாக்ஸ்என் வேகனை, அதாவது நிலக்கரி ஏற்றும் திறந்த சரக்குப் பெட்டியை, எச்.ஓ. எனப்படும் 1:87 மாதிரி ரயில் அளவுக்குச் சுருக்கினால் நீளம் 123 மி.மீ., அகலம் 37 மி.மீ. குழந்தைகளின் மரத் தண்டவாளம் 40 மி.மீ. அகலம். பார்வைக்கு ஜோடிப் பொருத்தம்தான், சக்கரம்தான் ஒத்துவராது. எச்.ஓ. பாதையின் அகலம் 16.5 மி.மீ. மரப் பாதையிலோ 6 மி.மீ. அகலத்தில் இரண்டு பள்ளங்கள். மையத்துக்கு மையம் 26 மி.மீ. வேகனை அப்படியே வைத்தால் சக்கரங்கள் நடு மேட்டில் ஏறி நிற்கும், முதல் வளைவிலேயே கவிழும்.

சக்கரத்தை வெளியே இழுத்தால் போதும் என்று பலர் ஆரம்பிக்கிறார்கள். 26 மி.மீ. வரும் இடத்தில் போகியின், அதாவது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்தின், பக்கச்சட்டம் குறுக்கே நிற்கும். ஆகவே போகியையே புதிதாகச் செய்ய வேண்டும். பழையதைத் திருகோடு எடுத்து வையுங்கள், பிறகு எச்.ஓ. பாதைக்குத் திரும்ப அதுதான் வழி.

போகிக் கட்டைக்கு நல்ல பொருள் காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகை, 10 மி.மீ. தடிமன். அது பாலிஎத்திலீன், வழுவழுப்பு அதிகம் என்பதால் அச்சு எண்ணெய் இல்லாமலே சுழலும். தேக்குத் துண்டில் செய்தால் ஓட்டை நாளடைவில் நீள்வட்டமாகத் தேய்ந்து, அச்சு சாய்ந்துவிடும். பலகையில் பசை ஒட்டாது, அதனால் எல்லாம் திருகில்தான். 32 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலத்தில் அறுத்து, அடியிலிருந்து 2.5 மி.மீ. உயரத்தில், 23 மி.மீ. இடைவெளி விட்டு, 2.2 மி.மீ. பிட்டால் இரண்டு துளைகள் குறுக்கே போடுங்கள்.

அந்த 2.5-ஐக் கூட்டாதீர்கள். 14 மி.மீ. சக்கரம் பள்ளத்துக்குள் 3 மி.மீ. இறங்கிவிடும், அச்சின் மையம் மரப் பாதையின் மேல்மட்டத்துக்கு மேலே வெறும் 4 மி.மீ.தான். கட்டைக்குக் கீழே மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. கூடினால் பாலம் ஏறும் மடிப்பில் நடுமேடு தட்டி, எஞ்சின் அங்கேயே உறுமிக்கொண்டு நிற்கும்.

அச்சுக்கு சைக்கிள் ஸ்போக், 14 கேஜ், அதாவது 2 மி.மீ. 33 மி.மீ. நீளத்துக்கு வெட்டி முனைப் பிசிறை அரம் போட்டு எடுங்கள். சக்கரம் 4 மி.மீ. தடிமன், மதுரை லேத் பட்டறைகளில் நைலான் ராடைக் கடைந்து தருவார்கள். ஒரு சக்கரத்துக்கு 1.9 மி.மீ. துளையிட்டு அச்சில் இறுக்குங்கள். மற்றது தனியாகச் சுழலட்டும்.

மொத்த வேலையும் இதில்தான் தேறும். மரப் பாதையில் எட்டுத் துண்டில் முழு வட்டம் வந்துவிடும். ஆரம் சுமார் 20 செ.மீ. அங்கே வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் இறுக்கினால் ஒன்று வழுக்கித்தான் ஆகும். ஒற்றை பேட்டரி எஞ்சின் இரண்டு வேகனுக்கே மூச்சு வாங்கும்.

சுழலும் சக்கரத்தின் துளையை 2.3 மி.மீ. ஆக்குங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சித்திரையில் சிட்டாகப் பறந்த வேகன் ஐப்பசி மழையில் இழுத்துக்கொண்டு நிற்பதற்கு இதுதான் காரணம். ஈரத்தை அதிகம் உறிஞ்சாத டெல்ரின் பிளாஸ்டிக் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பிஎல்ஏ-வில் 3டி பிரிண்ட் செய்த சக்கரம் வீட்டுக்குள் போதும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் 60 டிகிரி அளவில் இளகி வட்டம் கெடும்.

சக்கரம் கழன்று வராமலிருக்க முனையில் ஒரு தடுப்பு வேண்டும். சைக்கிள் வால்டியூப் துண்டு முதலில் கச்சிதமாக இருக்கும், ஒரு கோடையில் வெடித்துவிடும். 2.5 சதுர மி.மீ. வீட்டு வயரின் மேலுறையில் ஒன்றரை மி.மீ. நறுக்கிச் செருகினால் நிலைத்து நிற்கிறது.

கட்டைக்கும் வேகனுக்கும் நடுவே 1 மி.மீ. வாஷர் கட்டாயம், சக்கரத்தின் உச்சி கட்டையைவிட அரை மி.மீ.தான் தாழ்வு. வளைவில் போகி 11 டிகிரி வரை திரும்பும். திருகை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். திருப்பத்தில் சக்கரம் அடிச்சட்டத்தில் உரசினால் அந்த இடத்தை அரத்தால் தேய்த்துவிடலாம். பழைய பக்கச்சட்டத்தை அழகுக்காக மறுபடி ஒட்டுவது வீண்வேலை. அதன் அடிப்பாகம் மரப் பாதையில் உரசும்.

வளைவில் வேகனின் நடு சுமார் 3.5 மி.மீ. உள்ளே வரும், முனை கிட்டத்தட்ட 6 மி.மீ. வெளியே போகும். பாலத் தூண், குகை வாய் எதுவும் வளைவை ஒட்டி இருக்கக் கூடாது.

இணைப்புக்கு ஒரு முனையில் காந்தம், மறுமுனையில் இரும்புத் திருகுத் தலை. இரு பக்கமும் காந்தம் வைத்தால் துருவம் மாறும்போது தள்ளிக்கொள்ளும். உயரத்தை ஏற்கெனவே ஓடும் மரப் பெட்டியில் அளந்து வையுங்கள். காந்தத்தை சூப்பர் குளுவில் ஒட்டினால் இரண்டு மோதலில் தெறித்துவிடும். இரு குழாய் எபாக்சி போட்டு, மேலே ஒரு தகட்டையும் திருகுங்கள். குழந்தை இரண்டு நியோடிமியம் காந்தங்களை விழுங்கினால் குடலைக் கவ்விக் கிழிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காந்தமே வேண்டாம், கம்பிக் கொக்கி போதும்.

நிலக்கரிச் சுமைக்குக் கறுப்பு எள் அச்சு அசலாக இருக்கும், ஆனால் எறும்பு தேடி வந்துவிடும். அடுப்புக்கரியை நொறுக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் கட்டுவது மேல்.

பராமரிப்பு என்று பார்த்தால் அச்சில் சுற்றும் குப்பைதான். தலைமுடியைவிட மோசம் மல்லிகைச் சரத்தின் நார். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே புகுந்து பிரேக் போட்டுவிடும். தடுப்பைக் கழற்றி ஊசியால் எடுக்க வேண்டும். எண்ணெய் விடாதீர்கள், மரம் குடித்துப் பள்ளத்தில் கறுப்புச் சேறாகும். பென்சில் கரித்தூள் ஒரு சிட்டிகை போதும்.