இட்லிப்பூ வேலிக்கு மண் இறக்குகிறீர்களா? எலுமிச்சம்பழத்தோடு போய்ப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் மதிலோரம் இட்லிப்பூ வேலி வைக்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டுக்கு 60 செடி, இரண்டு டிராக்டர் செம்மண், நடவுக்கூலி எல்லாம் சேர்த்துப் பேசி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தோம். நான்காம் மாதம் 41 செடி வெளுத்துவிட்டது. செடியைக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "புது மண்ணுன்னா அப்படித்தான் ஆச்சி இருக்கும், ஒரு டானிக் அடிச்சாச் சரியாப் போயிரும்" என்று வீட்டு ஆச்சியிடம் சொல்லி டானிக்கை விற்றார். அடுத்த தடவை வந்து டி.ஏ.பி. உரம் போடச் சொன்னார். அதன் பிறகு போனையே எடுப்பதில்லை.

இட்லிப்பூ நம் மண்ணுக்கு வராத செடி இல்லை. சங்கப் பாட்டில் ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய வெட்சி இதுதான். சரளை கலந்த செம்மண்ணில் தானாக நிற்கும். அதற்கு முக்கியமாக ஆகாதது சுண்ணாம்பு. மண்ணின் கார அமிலத்தன்மை (பி.எச். அளவு) 5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

குழியைத் தோண்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலே நாலு விரல் நல்ல செம்மண். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் காரைத் துண்டும் செங்கல் பொடியும். இடித்த வீட்டு மண்ணைச் செம்மண் என்று தள்ளியிருக்கிறார்கள். நம் ஊரில் பழைய வீடுகள் இடிபடும் வேகத்துக்கு இந்த மண்ணுக்குப் பஞ்சமே இல்லை. செட்டிநாட்டுச் சுவர் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து. இட்லிப்பூவுக்கு அதைவிடக் கெட்ட மண்ணைத் தேடினாலும் கிடைக்காது.

மண் வண்டி வந்ததும் மேலாகப் பார்த்து அனுப்பாதீர்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, வெள்ளைத் துண்டு இருந்தால் பொடித்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த மண் வேண்டாம், வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். நுரைக்காத மண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

செடியிலும் ஏமாற்று இருந்தது. பாத்தியில் வளர்ந்ததைப் பிடுங்கி, விற்பதற்குச் சில நாள் முன்புதான் பையில் திணித்திருந்தார்கள். தண்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பையோடு சேர்ந்து வந்தால் வேர் பிடித்திருக்கிறது. மண்ணைப் பையிலேயே விட்டுவிட்டுச் செடி மட்டும் கையோடு வந்தால் வாங்காதீர்கள். கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்பதைவிட, பூ இல்லாமல் நாலைந்து கிளையோடு இருக்கும் செடிதான் சீக்கிரம் வேர் பிடிக்கும்.

வெளுத்த செடிக்குக் காரணம் கண்டுபிடிக்க இலையைப் பார்த்தால் போதும். நுனித் துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புக் குறை. அடியில் உள்ள முற்றிய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. முதல் வகைக்கு டி.ஏ.பி. போட்டால் அதிலுள்ள மணிச்சத்து இரும்பை இன்னும் முடக்கிவிடும். அவர் விற்ற உரமே செடியைக் கூடுதலாகக் கெடுத்தது. சாம்பலும் முட்டை ஓடும் போடுகிற வழக்கத்தையும் இந்தச் செடிக்கு விட்டுவிடுங்கள்.

உடனடி வைத்தியம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள், 10 நாளைக்கு ஒரு முறையாக மூன்று முறை. துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளியாகத் திரும்பும். அப்படித் திரும்பினால் குறை இரும்புதான் என்பது உறுதி. ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணைப் பக்கம் கவனம், பட்டால் துருக்கறை போகாது. அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் கொட்டுவது வீண். மண்ணில் போட வேண்டுமென்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். மலிவான இ.டி.டி.ஏ. வகை இந்த மண்ணில் நிற்காது.

தெளிப்பு தற்காலிகம்தான். மழைக்காலத்தில் செடியை வேர்மண்ணோடு எடுத்து, மதிலிலிருந்து 3 அடி தள்ளி, ஒன்றரை அடிச் சதுரக் குழியில் மாற்றி வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிற போர்த் தண்ணீரைக் குறைத்து, முடிந்தவரை மழைத்தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ ஊற்றுங்கள்.

புதிதாக ஏற்பாடு செய்பவர்கள் பாதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். இரண்டு தடவை துளிர் விட்டு, இரண்டு தடவையும் பச்சையாக வந்த பிறகு மீதியைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஆளிடம் செடி வாங்காதீர்கள்.