பழைய வாணவேடிக்கை ஸ்கிரீன்சேவர்: சோர்ஸ் கோடைச் சரிசெய்து இரண்டு வருடம் ஓட்டியதில் தெரிந்தவை

ராக்கெட் மேலே போகும், வெடிக்கும், பொறி கொட்டும். அவ்வளவுதான் அந்த ஸ்கிரீன்சேவர். விஷுவல் சி++ 6 என்ற மைக்ரோசாஃப்ட் புரோகிராமிங் கருவியின் காலத்துக் கோடு, அதாவது 1998 வாக்கில் எழுதியது. மூன்று சிபிபி ஃபைல், ஒரு ரிசோர்ஸ் ஃபைல், கமென்ட் என்று தேடினால் மொத்தமே நாலைந்து வரி. அதைச் சரிசெய்து இரண்டு வருடத்துக்கு மேலாக என் கம்ப்யூட்டரில் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கம்பைல் ஆனதும், அதாவது கோடு ஓடக்கூடிய புரோகிராமாக மாறியதும், வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், எனக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கம்பைல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விஷுவல் ஸ்டூடியோ 2022-ல் புதிதாக ஒரு புராஜெக்ட் போட்டு ஃபைல்களைச் சேர்த்தேன். ஃபார் லூப்புக்குள் அறிவித்த மாறியை லூப் முடிந்த பிறகும் பயன்படுத்துவதை அந்தக் காலக் கம்பைலர் விட்டுவிடும், இப்போது எரர். பாயின்டரை (நினைவக முகவரி) 32 பிட் எண்ணுக்குள் திணித்திருந்த இடங்களை 64 பிட்டுக்கு ஏற்ப மாற்றினேன். கிடைத்த இஎக்ஸ்இ-யின் பெயரை எஸ்சிஆர் என்று மாற்றினால் ஸ்கிரீன்சேவர் தயார். விண்டோஸ் அதை ஸ்லாஷ் எஸ் என்று கூப்பிட்டால் முழுத்திரையில் ஓட வேண்டும், ஸ்லாஷ் சி என்றால் செட்டிங்ஸ், ஸ்லாஷ் பி என்றால் அந்தக் குட்டி மானிட்டர் படத்துக்குள் பிரிவியூ. ஒரே சாயங்காலத்தில் இவ்வளவும் முடிந்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கப் பளிச் பளிச் என்று வெட்டுகிறது, ராக்கெட் கிளம்பியதும் தெரியவில்லை, வெடித்ததும் தெரியவில்லை. பழைய கோடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி நகர்த்திவிட்டு, நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போகும். அன்றைய ப்ராசஸருக்கு அதுவே சரியான வேகமாக இருந்திருக்கிறது, இன்று ஒரு கோர் முழுக்க எரிந்து ஃபேன் கத்துகிறது. கடந்த ஃபிரேமிலிருந்து, அதாவது கடைசியாகத் திரையில் வரைந்த படத்திலிருந்து, எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதற்கேற்ப நகர்த்தும்படி மாற்றினேன். சரி ஆயிற்று என்று நினைத்தால், கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் போய் எழுந்ததும் பொறி எல்லாம் மாயம்! கடந்த நேரம் ஆறு மணி நேரம் என்று கணக்கு வந்தால் வேறு என்ன ஆகும்? எவ்வளவு ஆனாலும் 50 மில்லிசெகண்டுக்கு மேல் எடுக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி நிறம். பொறிகள் மங்கி அணைய வேண்டும், ஆனால் அணையவே இல்லை, முழு வெளிச்சத்தோடு நின்றுவிட்டுச் சட்டென்று காணாமல் போயின. கோடைத் தோண்டியதில்தான் அந்தத் தந்திரம் புரிந்தது. 256 நிறக் காலத்தில் திரையில் இருப்பது நிறமே கிடையாது, நிறப்பட்டியலின் வரிசை எண்தான். பட்டியலில் 40-ஆம் நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கினால் போதும், அந்த எண் வைத்த புள்ளிகள் எல்லாம் ஒன்றாக மங்கும். ஒரு புள்ளியைக்கூட மறுபடி வரைய வேண்டாம். 32 பிட் நிறத் திரையில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது என்பதால் அந்த ஃபங்ஷன் அழைப்பு சும்மா வந்து போகிறது. நான் நினைவகத்தில் 8 பிட் படம் ஒன்றை வைத்து, அதன் நிறப்பட்டியலை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றி, பிறகு திரைக்குக் காப்பி செய்கிறேன். எழுதியவரின் தந்திரம் அப்படியே உயிரோடு இருக்கிறது.

நடுவில் விண்டோஸின் புதிய வரைகலை வசதியான டைரக்ட்2டி-யில் முழுக்க மாற்றி எழுதியும் பார்த்தேன். விளிம்பெல்லாம் வழுவழு, பார்க்க அழகுதான், ஆனால் அது வேறு ஏதோ ஸ்கிரீன்சேவர் மாதிரி இருந்தது, ஒரு வாரத்தில் தூக்கிவிட்டேன். அதற்காக 3840 × 2160 திரையில் ஒற்றைப் பிக்சல் பொறியை அப்படியே விட்டால் தூசி மாதிரி இருக்கிறது. 1280 × 720-ல் வரைந்து சரியாக மூன்று மடங்கு பெரிதாக்குகிறேன், பொறி பொறியாகத் தெரிகிறது.

அப்புறம் நானே வரவழைத்துக்கொண்ட தொல்லைகள். முதல் மானிட்டரில் மட்டும் ஓடியதை எல்லா மானிட்டருக்கும் விரித்தேன். அதிலிருந்து சில நாள் மட்டும் ஸ்கிரீன்சேவர் வந்த கணமே மூடிக்கொள்ளும். காரணம் பிடிபட மூன்று வாரம் ஆனது: மவுஸ் இடதுபக்க மானிட்டரில் நின்றால்தான் அப்படி. அங்கே எக்ஸ் மதிப்பு மைனஸில் வரும். தொடக்கத்தில் சேமித்தது -600, மவுஸ் செய்தியிலிருந்து மைனஸ் குறியைப் பார்க்காமல் 16 பிட்டாகப் பிரித்து எடுத்தது 64936. மவுஸ் நகர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி மூடிவிடுகிறது. மைனஸ் குறியோடு படிக்கும் மேக்ரோவைப் போட்டதும் நின்றது.

64 பிட்டுக்கு மாறியதிலும் இதே கதிதான். பழைய கோடு செட்டிங்ஸை விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஐஎன்ஐ ஃபைலில் எழுதப் பார்க்கும், சாதாரண பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பழைய 32 பிட் புரோகிராம்களை அங்கே எழுதியதாக ஏமாற்றிக் காப்பாற்றும் விண்டோஸ் ஏற்பாடு 64 பிட்டுக்குக் கிடையாது, ஓகே அழுத்தினாலும் எதுவும் சேமிக்கவில்லை, எரரும் வரவில்லை. விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பயனரின் பகுதிக்கு மாற்றிவிட்டேன்.

நீண்ட நாள் ஓட்டாமல் தெரிந்தே இருக்காத பிழை ஒன்று உண்டு. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் எல்லா ராக்கெட்டின் வாலும் ஒரே பச்சை. ஒரு நாள் பச்சை, இன்னொரு நாள் ஆரஞ்சு. டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் (பேனா, தூரிகை மாதிரி வரையும் பொருள்களின் எண்ணிக்கை) என்ற நெடுவரிசையைத் திறந்து வைத்து ஓட்டியதில் எண் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் ஒரு பேனா உருவாக்கி, அழிக்காமலே விட்டிருக்கிறார்கள். ஒரு ப்ராசஸுக்கு வழக்கமான வரம்பு 10,000. இரண்டு விநாடிக்கு ஒரு ராக்கெட் என்றால் ஐந்தரை மணி நேரத்தில் வரம்பு தொட்டுவிடும், அதன் பிறகு புதுப் பேனா கிடைக்காது, கடைசியாகக் கையில் இருந்த பேனாவிலேயே காலம் ஓடுகிறது. பழைய பேனாவைத் திருப்பி வைத்து, புதியதை அழிக்க இரண்டு வரி போதுமாயிருந்தது.

ஆன்டிவைரஸ் ஒன்று புதிதாக பில்ட் செய்யும் போதெல்லாம் எஸ்சிஆர் ஃபைலைப் பிடித்துத் தனியே அடைக்கிறது, அந்த ஃபைல் வகையில் தீநிரல்கள் அதிகம் வந்ததால் அதைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. என் இரண்டு மானிட்டரும் ஒரே உயரம் இல்லை, இரண்டையும் சேர்த்த செவ்வகத்தில் எந்தத் திரையும் இல்லாத மூலை ஒன்று வருகிறது. சில ராக்கெட் அங்கே போய் வெடிக்கிறது. ஒவ்வொரு மானிட்டரின் எல்லையையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் சரிசெய்யலாம், இதுவரை செய்யவில்லை.