மலிவு பெல்லட்டோடு மூன்று வருஷம்

மகள் ஏர் ரைஃபிள் பிடிக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. தில்லி ஆர்.கே. புரத்தில் வீடு, கொஞ்ச தூரத்திலேயே சுட்டுப் பழகுகிற ஒரு சின்ன ரேஞ்ச். வாரம் 4 நாள், நாளுக்கு 100 பெல்லட், அதாவது ரைஃபிளில் போடுகிற குட்டி ஈயக் குண்டு. 500 பெல்லட் உள்ள டப்பா ஐந்தாவது நாள் காலி. ரைஃபிளும் ஜாக்கெட்டும் ஒரு தடவைச் செலவு; பெல்லட் பால் பாக்கெட் மாதிரி, தீரத் தீர வாங்கணும். (ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது லைசென்ஸ். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு அது வேண்டாம்.)

முதல் வருஷம் கடையில் இருப்பதிலேயே மலிவான டப்பாவைத்தான் வாங்கினேன். அது தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். குறி கார்டின் நடுவில் பட்டால் பத்து, விலக விலகக் குறையும்; நிற்கவே தடுமாறுகிற பிள்ளை சுடுவது ஏழிலும் எட்டிலும் விழும். பெல்லட்டின் கோளாறு அங்கே கண்ணுக்கே தெரியாது.

இரண்டாம் வருஷம் அவள் கை ஆடாமல் நின்றது. தொல்லையும் வந்தது. பத்து, பத்து, பத்து, திடீரென்று ஒரு எட்டு. கோச் முழங்கையைப் பார்த்தார், கன்னம் வைக்கிற இடத்தைப் பார்த்தார், ட்ரிகரை மாற்றிப் பார்த்தார். மூன்று வாரம் இப்படியே போனது. "அப்பா, இது நான் இல்லப்பா, சரியாத்தான் விட்டேன்" என்றாள். நான் நம்பவில்லை. மூச்சைக் கவனி என்று அறிவுரை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கைக்குட்டையை விரித்து 50 பெல்லட்டைக் கொட்டினேன். நாலில் பின்பக்க விளிம்பு நசுங்கியிருந்தது. ஒன்றில் ஈயம் மீன்முள் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. தெரிந்த நகைக்கடைக்காரரின் தராசில் வைத்தால் ஒன்று 0.51 கிராம், அடுத்தது 0.55. டப்பாவில் போட்டிருப்பதோ 0.53.

பிறகு ரேஞ்சில் ரைஃபிளை ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டி, 10 மீட்டரில் ஒரு கார்டுக்கு ஐந்து குண்டு என்று சுட்டோம். மலிவு டப்பாவின் ஐந்தும் சேர்ந்து போட்ட ஓட்டை 11 மி.மீ. அகலம். பெல்லட்டின் 4.5 மி.மீ.யைக் கழித்தால் 6.5, அதில் பாதி 3.25. பெல்லட்டின் நடு, கார்டின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. தாண்டினாலே பத்து கிடையாது. ஆக, ஆடாமல் அசையாமல் கட்டிவைத்த ரைஃபிளே ஒன்பது போடுகிறது! மூன்று வாரமாகத் திட்டு வாங்கியது பிள்ளை.

அன்றைக்கே மற்ற டப்பாக்களையும் சோதித்தோம். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் என்ற இரண்டு வகைப் பெல்லட்டும் 6 மி.மீ. ஓட்டைக்குள் அடங்கின. அதைவிட விலை குறைந்த மைஸ்டர்குகெல்ன் எங்கள் பேரலில் (ரைஃபிள் குழலில்) 7 மி.மீ. அதையே தினசரிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம், போட்டி வருகிற மாதம் மட்டும் ஆர்10. பக்கத்து லேன் பையனின் ரைஃபிளில் இதே மைஸ்டர்குகெல்ன் சிதறியது. அதனால் நான் சொல்கிறேனே என்று வாங்காதீர்கள், உங்கள் பேரலைக் கேளுங்கள்.

பிடித்துப்போன பிறகு டப்பாவில் இருக்கும் லாட் நம்பரை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) குறித்துவைத்து, மூன்று குடும்பம் சேர்ந்து அதே லாட்டில் மொத்தமாக எடுக்கிறோம். பெல்லட் மாறினால் குண்டு விழுகிற இடமும் நகரும். குறிபார்க்கிற சைட்டைத் திருப்பிச் சரிசெய்யவே பத்துப் பதினைந்து பெல்லட் போய்விடும், போட்டிக்கு முந்தின நாள் மாற்றினால் அழுகைதான்.

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் பெல்லட்டே போடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுகிறாள், அவள் ரைஃபிளில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. நூறு பெல்லட் மிச்சம், கோச்சுக்கும் திருப்தி.

பெல்லட் ஈயம், உடம்புக்குள் போனால் விஷம். கைக்குட்டையைச் சாப்பாட்டு மேஜையில் விரித்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை. இப்போது பால்கனியில் ஒரு பழைய ஸ்டூல், பக்கத்திலேயே சோப்பு.

மலிவு டப்பா ஆறு மிச்சம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டோம். அவனுக்கு இப்போது ஏழும் எட்டும்தான் விழுகிறது.