ஸ்மார்ட்டா, எம்ஆர்டியா? உடல்நலச் செயலிக்கு எது?

ஒரு குழுவுக்குச் செயலி, இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால் பலன் உண்டா என்று தெரியும். எப்போது எதை அனுப்பியதால் வந்த பலன் என்று மட்டும் தெரியாது. அதற்கு இரண்டு ஆய்வு முறைகள் உண்டு: ஆட்களைக் கட்டம் கட்டமாகக் குலுக்கும் ஸ்மார்ட் (SMART), ஒவ்வொரு சிறு தருணத்தையும் குலுக்கும் எம்ஆர்டி (MRT). இரண்டிலும் புள்ளியியலாளர் சூசன் மர்ஃபியின் பங்கு பெரிது.

ஸ்மார்ட் முறையில் குலுக்கல், அதாவது யாருக்கு எது என்று சீட்டுப் போட்டதுபோல் தீர்மானிப்பது, ஒன்றோடு நிற்காது. 2024-இல் வெளியான அமெரிக்க எடைக்குறைப்பு ஆய்வில் 400 பேர். பாதிப் பேருக்குச் செயலி மட்டும், மீதிப் பேருக்குச் செயலியோடு பயிற்சியாளரும். 2, 4, 8-ஆம் வாரங்களில் எடை போதுமான அளவு குறையாதவர்களை மறுபடி குலுக்கி, கூடுதல் உதவி தந்தார்கள். ஆறு மாதத்தில் செயலியோடு மட்டும் தொடங்கியவர்கள் சராசரியாக 2.8 கிலோ குறைந்தார்கள். பயிற்சியாளரோடு தொடங்கியவர்கள் 4.8 கிலோ. 'மலிவாகத் தொடங்குவோம், தேவைப்பட்டால் அப்புறம் கூட்டுவோம்' என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை. வாரக்கணக்கில் எடுக்கும், காசு செலவாகும் முடிவுகளுக்கு ஸ்மார்ட்டே சரி.

ஆனால் மதியம் மூன்று மணிக்கு 'கொஞ்சம் நடங்கள்' என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்ற கேள்விக்கு ஸ்மார்ட் உதவாது. அங்கே எம்ஆர்டிதான். நடக்கத் தூண்டும் செயலியான ஹார்ட்ஸ்டெப்ஸின் ஆய்வில் காலைப் பயணம், மதிய உணவு, பிற்பகல், மாலைப் பயணம், இரவு உணவுக்குப் பின் என்று நாளுக்கு 5 வேளை, 42 நாள். ஒவ்வொரு வேளையும் 0.6 நிகழ்தகவில் அனுப்பலாமா என்று குலுக்கினார்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் அனுப்பவில்லை. ஆளுக்கு 210 வேளை என்பதால் 37 பேரின் தரவே ஏதோ சொல்லியது. நடைக்கான குறிப்பு வந்தபின் 30 நிமிடத்தில் எடுத்த அடிகள் சராசரியாக 24% கூடின. தொடக்கத்தில் அது 107%. நாளாக நாளாகத் தேய்ந்தது. 'உட்கார்ந்தே இருக்காதீர்கள்' வகைக் குறிப்புகளால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தேய்மானத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதுதான் எம்ஆர்டியின் பலம். அதன் பலவீனம், அது அளப்பது அடுத்த அரைமணி நேரத்தைத்தான். ஆறு மாத எடையை அல்ல.

மூன்றாவதாக, கிடைக்கும் பலனைப் பார்த்து எதை அனுப்புவது என்று தானே மாற்றிக்கொள்ளும் பேண்டிட் அல்காரிதம் இருக்கிறதே, ஆய்வே வேண்டாம், ஓடஓடக் கற்றுக்கொள்ளட்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்ட்ஸ்டெப்ஸின் அடுத்த பதிப்பு தாம்ஸன் சாம்ப்ளிங் என்ற பேண்டிட் முறையைப் பயன்படுத்தியபோதும், அனுப்பும் நிகழ்தகவை ஒரு கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையில் கட்டிவைத்தது. அந்த வரம்பு இல்லையென்றால் அல்காரிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மறுபக்கம் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்கிட அங்கே தரவே இருக்காது.